கல்லூரி மாணவர்களுக்கான மனநல ஆலோசனை: எப்போது நாடுவது, எங்கே பெறுவது, என்ன எதிர்பார்க்கலாம்

கல்லூரிக் காலத்தில் ஏற்படும் மனத்துயரம், பதற்றம், உறக்கமின்மை, நம்பிக்கைக் குலைவு போன்றவற்றுக்காகப் பயிற்சி பெற்ற ஒருவரிடம் மனம்விட்டுப் பேசி உதவி பெறுவதே மனநல ஆலோசனை. இதனைப் பெறுவதற்கு நோய் இருந்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. காய்ச்சல் வந்தவர் மட்டுமன்றி, உடல் சோர்வாக இருக்கிறது என்று உணர்பவரும் மருத்துவரைப் பார்க்கிறார் அல்லவா? அதுபோலவே இதுவும். தமிழ்நாட்டில் கலை அறிவியல், பொறியியல், மருத்துவம், பாலிடெக்னிக் முதலிய கல்லூரிகளில் பயிலும் உங்களுக்காகவும், உங்கள் நலனில் அக்கறை கொண்ட நண்பர்களுக்காகவும் பெற்றோருக்காகவும் இப்பக்கம் எழுதப்பட்டுள்ளது.

உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் இந்த நேரத்தில் உங்களுக்கு இருக்குமானால், எஞ்சிய பகுதியைப் பிறகு படிக்கலாம். இப்போதே 14416 என்ற எண்ணை அழையுங்கள். டெலி மானஸ் எனப்படும் இச்சேவை 24 மணி நேரமும் கட்டணமின்றித் தமிழில் கிடைக்கிறது. 104 என்ற மருத்துவ உதவி எண்ணையும் அழைக்கலாம். உங்களுக்கு நீங்களே ஏற்கெனவே தீங்கு செய்துகொண்டிருந்தால் 108 ஆம்புலன்ஸை அழையுங்கள். உடல் நன்றாக இருப்பதுபோல் தோன்றினாலும் மருத்துவமனைக்குச் செல்வதைத் தள்ளிப்போட வேண்டாம். அறையில் தனியாக இருக்காமல், அடுத்த அறையில் இருப்பவரையோ விடுதிக் காப்பாளரையோ எழுப்பி உடன் இருக்கச் சொல்லுங்கள். நள்ளிரவாக இருந்தாலும் தயங்க வேண்டாம்.

இந்த வயதில் ஏன்?

வாழ்நாளில் தோன்றும் மனநலப் பாதிப்புகளில் பெரும்பகுதி 25 வயதுக்குள்ளாகவே தொடங்கிவிடுகிறது என்பது பல நாடுகளின் ஆய்வுகளில் திரும்பத் திரும்பக் காணப்பட்ட உண்மை. நிம்ஹான்ஸ் நிறுவனம் தமிழ்நாடு உள்ளிட்ட 12 மாநிலங்களில் 2015–16இல் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பில், வயது வந்தோரில் 10.6 விழுக்காட்டினர் ஏதேனும் ஒரு மனநலப் பாதிப்புடன் இருந்தது தெரியவந்தது. அவர்களுள் மிகப் பெரும்பான்மையோர் எந்தச் சிகிச்சையும் பெற்றிருக்கவில்லை. பாதிப்பைவிட இந்த இடைவெளியே கூடுதல் கவலைக்குரியது.

தமிழ்நாட்டு மாணவர்களுக்கு இதில் தனித்த சில சுமைகளும் உண்டு. உயர்கல்விச் சேர்க்கை விகிதத்தில் இம்மாநிலம் நாட்டின் சராசரியைவிட வெகுவாக முன்னிற்கிறது. 2021–22ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இந்திய அளவில் 28.4 ஆக இருந்த விகிதம் இங்கு 47 ஆக இருந்தது. பெருமைக்குரிய இந்த எண்ணுக்குப் பின்னால், வீட்டிலிருந்து முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்த ஏராளமான பிள்ளைகள் இருக்கிறார்கள். 'அரியர்' என்றால் என்ன, 'இன்டர்னல் மதிப்பெண்' எப்படிக் கணக்கிடப்படுகிறது, துறைத் தலைவரிடம் எப்படிப் பேசுவது என்று கேட்டுத் தெரிந்துகொள்ள அவர்களுக்கு வீட்டில் ஆளில்லை. பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்து முதலிடம் பெற்ற மாணவர், ஆங்கிலத்தில் நடக்கும் முதல் பருவ வகுப்புகளில் எதுவும் பிடிபடாமல் அமர்ந்திருக்கும்போது, 'எனக்கு அறிவில்லை' என்ற முடிவுக்கு வந்துவிடுகிறார். அது மொழித் தடை. அறிவுக் குறை அன்று. ஆனால் இதை எடுத்துச் சொல்ல ஒருவர் இல்லாதபோது, முதல் பருவத் தேர்வு முடிவே அவருக்குத் தீர்ப்பாகிவிடுகிறது.

இவற்றோடு கல்விக்கடன், விடுதி வாழ்க்கை, காதல் முறிவு, வேலைவாய்ப்பு முகாமில் நண்பர்கள் தேர்வாகித் தான் மட்டும் எஞ்சி நிற்பது ஆகியவையும் சேர்கின்றன.

எப்போது உதவி நாட வேண்டும்?

தேர்வுக்கு முந்தைய நாள் படபடப்பும், ஒரு தோல்விக்குப் பின் சில நாள் சோர்வும் இயல்பானவை. இரண்டு வாரங்களுக்கு மேல் நாளின் பெரும்பகுதி மனம் சோர்ந்திருத்தல், முன்பு பிடித்தவை எதிலும் நாட்டமின்மை, உறக்கமும் பசியும் மாறிப்போதல், படித்தது மனத்தில் நில்லாமை, காரணமில்லாத குற்றவுணர்வு ஆகியவை தொடர்ந்தால் அதனை மனச்சோர்வு நோயாக இருக்கலாம் என்று கருதி உதவி நாட வேண்டும். மதுவோ கஞ்சாவோ பயன்படுத்தினால்தான் உறக்கம் வருகிறது என்ற நிலையும் அதே அளவு முக்கியமான அடையாளமே.

மனத்தின் துயரம் உடலின் மொழியில் வெளிப்படுவது நம்மிடையே மிகுதி. தலைபாரம், வயிற்றுக் கலக்கம், நெஞ்சு அடைப்பது போன்ற உணர்வு, கைகால் சோர்வு என்றே மாணவர்கள் மருத்துவமனைக்கு வருகின்றனர். திடீரென்று நெஞ்சு படபடத்து, மூச்சு முட்டி, உயிர் போய்விடும் என்ற அச்சம் சில நிமிடங்களில் உச்சத்தை அடைந்து பின் தணிவதைப் பீதித் தாக்குதல் என்பர். முதல்முறை இவ்வாறு ஏற்படும்போது மருத்துவரிடம் காட்டி இதயம் நலமாக இருப்பதை உறுதிசெய்துகொள்வது சரியே. ஒவ்வொரு முறையும் புதிதாக ஒரு இசிஜி எடுத்துக்கொண்டிருப்பது மட்டும் தீர்வாகாது. மறுபுறம், இரத்தசோகையும் தைராய்டு குறைபாடும் மனச்சோர்வு போன்ற அறிகுறிகளைத் தரக்கூடும் என்பதால், எளிய இரத்தப் பரிசோதனையை மருத்துவர் கேட்டால் மறுக்க வேண்டாம்.

மற்றவர்க்குக் கேட்காத குரல்கள் காதில் கேட்பது, எல்லோரும் தன்னைப் பற்றியே பேசுகிறார்கள் அல்லது தீங்கு செய்யத் திட்டமிடுகிறார்கள் என்ற உறுதியான ஐயம், பல நாள் உறங்காமலேயே மிகுந்த உற்சாகத்தோடு இருப்பது ஆகியவற்றுக்கு ஆலோசகர் மட்டும் போதாது. மனநல மருத்துவரிடம் காலதாமதமின்றிச் செல்ல வேண்டும். இத்தகைய பாதிப்புகள் பதின்பருவத்தின் இறுதியிலும் இருபதுகளின் தொடக்கத்திலும் தலைகாட்டுபவை. கோயிலுக்கோ தர்காவுக்கோ அழைத்துச் செல்ல வீட்டார் விரும்பினால் அதைத் தடுக்க வேண்டியதில்லை. அதனால் மருத்துவம் தள்ளிப்போகாமல் பார்த்துக்கொள்வதே முக்கியம். சிகிச்சை எவ்வளவு விரைவில் தொடங்குகிறதோ அவ்வளவுக்குப் படிப்பைத் தொடரும் வாய்ப்பு மிகும்.

ஆலோசகரிடம் சென்றால் என்ன நடக்கும்?

'ஆலோசனை' என்ற சொல் சற்றுத் தவறான எதிர்பார்ப்பை உண்டாக்கிவிடுகிறது. பெரியவர் ஒருவர் அறிவுரை கூறுவார், நாம் தலையாட்டிவிட்டு வர வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அச்சொல்லுக்கு எண்ணிப் பார்த்தல் என்றே பொருள். இங்கு நடப்பதும் அதுதான். 'நன்றாகப் படி, அம்மா அப்பாவை நினைத்துப் பார்' என்று மட்டும் சொல்லி அனுப்பும் ஒருவரைச் சந்திக்க நேர்ந்தால், நீங்கள் பெற்றது மனநல ஆலோசனை அன்று என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

முதல் சந்திப்பு பொதுவாக முக்கால் மணி நேரம் முதல் ஒரு மணி நேரம் வரை நீடிக்கும். எப்போதிலிருந்து இப்படி இருக்கிறது, உறக்கம் எப்படி, யாரோடு தங்கியிருக்கிறீர்கள், குடும்பத்தில் யாருக்கேனும் இத்தகைய பாதிப்பு இருந்ததா என்று ஆலோசகர் கேட்பார். உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றியதுண்டா என்றும் நேரடியாகக் கேட்பார். இக்கேள்வி எல்லோரிடமும் கேட்கப்படுவது. உண்மையைச் சொல்வதே உங்களுக்குப் பயன்படும். என்ன பேசுவதென்று தெரியாவிட்டால், 'எங்கிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை' என்பதையே முதல் வாக்கியமாகச் சொல்லலாம். அழுகை வந்தால் அழலாம். அந்த அறையில் அது புதிதன்று.

அடுத்து வரும் சந்திப்புகளில் நடக்கும் வேலை பெரும்பாலும் சிறியதும் நடைமுறை சார்ந்ததுமாக இருக்கும். இரண்டாம் ஆண்டு மாணவி ஒருவரை எண்ணிக்கொள்ளுங்கள். ஒரு தாளில் தோல்வி. அவமானத்தால் ஒரு வாரம் வகுப்புக்குப் போகவில்லை. வருகைப்பதிவு 75 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கிவிட்டது. இனித் துறைத் தலைவரைப் பார்த்தால் கேட்பார் என்ற அச்சத்தில் மேலும் சில நாள்கள் விடுதியறையிலேயே இருந்துவிடுகிறார். வீட்டிலிருந்து அழைப்பு வந்தால் 'எல்லாம் நல்லா இருக்கு' என்கிறார். அவரைக் கட்டிப்போட்டிருப்பது தோற்றுப்போன அந்தத் தாளைவிட அதன்பின் தொடர்ந்த ஒளிந்துகொள்ளுதலே. ஒளிந்த ஒவ்வொரு நாளும் மறுநாள் வெளியே வருவதைக் கடினமாக்குகிறது. இத்தகையவரிடம் ஆலோசகர், 'நாளை முதல் எல்லா வகுப்புக்கும் போ' என்று சொல்ல மாட்டார். காலை ஏழு மணிக்கு எழுந்து உணவுக்கூடத்தில் சாப்பிடுவது, பிடித்த ஆசிரியர் எடுக்கும் ஒரே ஒரு வகுப்புக்குச் செல்வது என்று படிகளைச் சிறிதாக வகுப்பார். 'இந்தத் தாளில் தோற்றதால் என் வாழ்க்கையே முடிந்தது' என்ற எண்ணத்தை எழுதச் செய்து, அதற்கு ஆதாரம் எது, அதற்கு எதிரான ஆதாரம் எது என்று இருவரும் சேர்ந்து பார்ப்பார்கள். மாணவி ஒப்புக்கொண்டால், வருகைப்பதிவுக் குறைவுக்கு மருத்துவக் காரணம் காட்ட வழியுண்டா என்று துறையிடம் பேசவும் ஆலோசகர் உதவலாம்.

ஒரே சந்திப்பில் மாற்றம் தெரியாமல் போகலாம். மூன்று நான்கு சந்திப்புகளுக்குப் பிறகும் அந்த ஆலோசகரோடு மனம் ஒட்டவில்லையெனில் வேறொருவரைக் கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது. ஆணோ பெண்ணோ, உங்களுக்கு எவரிடம் பேச இயல்பாக இருக்கிறதோ அவரைக் கேட்கலாம்.

நீங்கள் சொல்வது யாருக்குத் தெரியும்?

மாணவர்களைத் தடுத்து நிறுத்தும் முதற்கேள்வி இதுவே. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் 2018 மே 29 முதல் நடைமுறையில் உள்ளது. அதன் 23ஆம் பிரிவு, மனநலம், சிகிச்சை தொடர்பான தகவல்கள் இரகசியமாகக் காக்கப்படுவதை உங்கள் உரிமையாக்குகிறது. விதிவிலக்குகளும் அதே பிரிவில் கூறப்பட்டுள்ளன: உங்களுக்குச் சிகிச்சை அளிக்கும் பிற வல்லுநர்களுடன் பகிர்தல், உயிருக்கு ஆபத்து உள்ள நிலை, வேறொருவருக்குத் தீங்கு நேராமல் தடுக்க வேண்டிய நிலை, நீதிமன்ற ஆணை முதலியன. 'நான் சொல்வதில் எதை, யாரிடம் சொல்வீர்கள்?' என்று முதல் சந்திப்பின் தொடக்கத்திலேயே ஆலோசகரிடம் கேளுங்கள். தெளிவாக விடையளிப்பது அவர் கடமை.

நடைமுறையில் ஒரு சிக்கல் உண்டு. பல கல்லூரிகளில் பாடம் நடத்தும் ஆசிரியரே ஆலோசகர் பொறுப்பையும் ஏற்றிருக்கிறார். மதிப்பெண் இடுபவரிடம் மனத்தைத் திறப்பது எளிதன்று. அத்தகைய இடத்தில் வழிகாட்டி ஆசிரியரின் உதவியைப் படிப்பு தொடர்பானவற்றுக்கு மட்டும் பயன்படுத்திக்கொண்டு, மற்றவற்றுக்கு வெளியே செல்வது நல்லது. 18 வயது நிறைந்தவர் தாமே மனநல மருத்துவரைச் சந்தித்துப் புறநோயாளியாகச் சிகிச்சை பெறலாம். பெற்றோர் கையொப்பம் தேவையில்லை. முதலாமாண்டில் இருக்கும் 17 வயதினருக்குப் பெற்றோர் அல்லது பாதுகாவலரின் பங்கு தேவைப்படும்.

தற்கொலை முயற்சிக்குப் பின் காவல்துறை வழக்கு வரும் என்ற அச்சத்தால் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லத் தயங்குவோர் இன்னும் உள்ளனர். அவ்வாறு முயன்றவர் கடும் மனஅழுத்தத்தில் இருந்ததாகவே கருதப்பட வேண்டும், அவரைத் தண்டிக்கக் கூடாது என்று மேற்கண்ட சட்டத்தின் 115ஆம் பிரிவு கூறுகிறது. அவருக்குப் பராமரிப்பும் சிகிச்சையும் அளிப்பது அரசின் கடமை என்றும் அப்பிரிவு வரையறுக்கிறது. முன்பு இதனைக் குற்றமாக்கியிருந்த இந்திய தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவு, 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தில் இடம்பெறவில்லை.

ஆலோசனையால் மட்டும் தீராதவை

துன்பத்தின் காரணம் வெளியே இருக்கும்போது மனத்தை மட்டும் சரிசெய்ய முயல்வது பொருந்தாது. சாதியின் பெயரால் வகுப்பில் இழிவுபடுத்தப்படும் மாணவருக்கு மூச்சுப் பயிற்சி விடையாகாது. பகடிவதைக்கு உள்ளானால் 1800-180-5522 என்ற தேசிய உதவி எண்ணில் புகார் அளிக்கலாம். தமிழ்நாட்டில் 1997 முதலே பகடிவதைத் தடைச் சட்டம் உள்ளது. பாலியல் தொல்லைக்குக் கல்லூரியின் உள்ளகப் புகார்க் குழுவை அணுகலாம். அந்தரங்கப் படத்தைக் காட்டி மிரட்டுவோர், கடன் செயலி வழியாகத் துன்புறுத்துவோர், இணையச் சூதாட்டத்தில் பணம் பறிப்போர் ஆகியோர் குறித்து 1930 என்ற எண்ணில் சைபர் குற்றப் பிரிவிடம் உடனே தெரிவிக்க வேண்டும். மிரட்டல் செய்திகளை அவமானத்தால் அழித்துவிடாதீர்கள், அவையே சான்று. புகார் அளிக்கும் நாள்களில் உடன் நிற்கவும், அதனால் எழும் அச்சத்தைத் தாங்கவும் ஆலோசகர் துணைசெய்வார். புகாருக்கு மாற்றாக ஆலோசனையை முன்வைக்கும் நிருவாகத்தை ஏற்றுக்கொள்ள வேண்டியதில்லை.

மருந்து எழுதித் தரப்பட்டால்

மிதமான பாதிப்புகள் பலவற்றுக்குப் பேச்சுவழிச் சிகிச்சையே போதும். பாதிப்பு கடுமையாக இருந்தால் மனநல மருத்துவர் மருந்தும் பரிந்துரைப்பார். மனச்சோர்வுக்குத் தரப்படும் மருந்துகள் முழுப் பயன் தரச் சில வாரங்கள் ஆகும். ஐந்து நாளில் குணம் தெரியவில்லை என்று நிறுத்திவிட வேண்டாம். இவை அடிமைப்படுத்தும் மருந்துகள் அல்ல, எனினும் திடீரென நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல் போன்றவை வரலாம் என்பதால் மருத்துவர் சொற்படியே குறைக்க வேண்டும். 25 வயதுக்குட்பட்ட சிலருக்கு முதல் சில வாரங்களில் அமைதியின்மையோ தற்கொலை எண்ணமோ கூடக்கூடும். அவ்வாறு தோன்றினால் அடுத்த சந்திப்பு நாள் வரை காத்திராமல் உடனே மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும். தேர்வுக் காலத்தில் நண்பருக்கு எழுதித் தந்த தூக்க மாத்திரையைப் பகிர்ந்துகொள்வது விடுதிகளில் வழக்கமாக இருப்பது தெரிந்ததே. அது ஆபத்தானது, அவற்றுள் சில உண்மையாகவே பழக்கத்தை உண்டாக்குபவை.

நண்பர் ஒருவரைப் பற்றிய கவலை

மாற்றத்தை முதலில் காண்பவர் பெரும்பாலும் அறைத்தோழரே. எப்போதும் கலகலப்பாக இருந்தவர் ஒதுங்குவது, விலையுயர்ந்த பொருள்களை மற்றவர்க்குக் கொடுத்துவிடுவது, 'நான் இல்லாவிட்டால் எல்லோருக்கும் நிம்மதி' என்று விளையாட்டாகச் சொல்வது, நெடுநாள் துயரத்துக்குப் பின் காரணமின்றித் திடீரென அமைதியாவது ஆகியவற்றைக் கவனத்தில் கொள்ளுங்கள்.

'உயிரை விடலாம் என்று தோன்றுகிறதா?' என்று கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்ற அச்சம் பரவலாக உள்ளது. அது தவறு. கேட்கப்பட்டவர் பெரும்பாலும் ஆறுதலே அடைகிறார். தனியான இடத்தில், தீர்ப்புச் சொல்லாமல் கேளுங்கள். 'இதற்கெல்லாமா' என்று சிறுமைப்படுத்தவோ வாதிடவோ வேண்டாம். ஆம் என்றால், அவரைத் தனியே விடாதீர்கள். மருந்துகள், பூச்சிக்கொல்லி போன்றவை கைக்கெட்டாதபடி அப்புறப்படுத்துங்கள். விடுதிக் காப்பாளரிடமோ ஆலோசகரிடமோ உடனே தெரிவியுங்கள். 'யாரிடமும் சொல்லாதே' என்று அவர் சத்தியம் வாங்கியிருக்கலாம். இந்த ஒன்றில் அச்சத்தியத்தை மீறுங்கள். அவர் சில மாதம் உங்களோடு பேசாமல் இருந்தாலும் தாழ்வில்லை. முழுப் பொறுப்பையும் நீங்களே இரவும் பகலும் சுமக்க முயல வேண்டாம். உங்களுக்கும் தேர்வு உண்டு, உறக்கம் வேண்டும்.

பெற்றோரிடம் சொல்வது

வீட்டில் சொல்லத் தயங்குவோரின் மனத்தில் இருப்பது கோபத்தைப் பற்றிய அச்சம் மட்டுமன்று. வயலை அடகு வைத்துப் படிக்க வைத்தவர்களைக் கலங்கடிக்கக் கூடாது என்ற அன்பும் அதில் உண்டு. 'மனநோய்' என்ற சொல்லால் தொடங்காமல், 'மூன்று வாரமாகத் தூக்கம் இல்லை, படிக்க முடியவில்லை, டாக்டரைப் பார்க்க வேண்டும்' என்று உடல்வழியாகத் தொடங்குவது பலருக்கு எளிதாக இருக்கிறது. அக்காவோ மாமாவோ முதலில் கேட்டுப் புரிந்துகொள்ளக்கூடியவர் என்றால் அவர் வழியாகவும் சொல்லலாம்.

பெற்றோர் அறிய வேண்டியது: பிள்ளை இதைச் சொல்லும்போது முதல் ஐந்து நிமிடம் மறுமொழி கூறாமல் கேட்டாலே போதும். பக்கத்து வீட்டுப் பிள்ளையின் மதிப்பெண் அந்த உரையாடலில் வர வேண்டாம். திருமணம் செய்து வைத்தால் சரியாகிவிடும் என்பதற்கு மருத்துவத்தில் இடமில்லை.

கல்லூரியில் ஆலோசகர் இல்லையெனில்

2025 ஜூலை 25 அன்று உச்ச நீதிமன்றம் வகுத்த வழிகாட்டுதல்களின்படி, 100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் பயிலும் ஒவ்வொரு கல்வி நிறுவனமும் தகுதி பெற்ற ஆலோசகர், உளவியலாளர் அல்லது சமூகப் பணியாளர் ஒருவரையேனும் அமர்த்த வேண்டும். அதற்குக் குறைவான எண்ணிக்கையுள்ளவை வெளியிலுள்ள வல்லுநர்களோடு முறையான இணைப்பு வைத்திருக்க வேண்டும். டெலி மானஸ் உள்ளிட்ட உதவி எண்களை விடுதிகள், வகுப்பறைகள், பொது இடங்கள் ஆகியவற்றில் காணும்படி எழுதி வைக்க வேண்டும் என்றும் நீதிமன்றம் கூறியுள்ளது. உங்கள் கல்லூரியில் இவை இல்லையெனில் மாணவர்கள் சேர்ந்து முதல்வரிடம் எழுத்து வடிவில் கேட்கலாம்.

அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் புறநோயாளிப் பிரிவு செயல்படுகிறது. மாவட்ட மனநலத் திட்டத்தின் வழியாக மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் சேவை கிடைக்கிறது. சென்னையில் 1794இல் தொடங்கப்பட்ட கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகத்திலும் புறநோயாளியாகச் சிகிச்சை பெறலாம். அங்கு செல்வோர் அனைவரும் உள்நோயாளியாகச் சேர்க்கப்படுவார்கள் என்பது பழைய திரைப்படங்கள் பரப்பிய எண்ணம். காலையிலேயே சென்று சீட்டுப் பெறுவது, முன்பு வாங்கிய மருந்துச் சீட்டுகளைக் கையோடு கொண்டுபோவது, நெரிசல் இருக்கும் என்பதால் நண்பர் ஒருவரை அழைத்துச் செல்வது ஆகியவை பயன்தரும்.

நேரில் செல்லத் தயக்கமாக இருந்தால் 14416 எண்ணிலிருந்தே தொடங்கலாம். மொழியைத் தெரிவு செய்தபின் பயிற்சி பெற்ற ஆலோசகர் ஒருவர் பேசுவார். தேவைப்பட்டால் மனநல மருத்துவருக்கோ அருகிலுள்ள மருத்துவமனைக்கோ இணைப்பு ஏற்படுத்தித் தருவார். விடுதியில் பேசத் தனியிடம் இல்லாதவர்கள் மொட்டைமாடியைத் தவிர்த்து, விளையாட்டுத் திடல், பேருந்து நிறுத்தம் போன்ற ஆள் நடமாட்டமுள்ள இடத்தில் அமர்ந்து பேசலாம். இணைப்பு உடனே கிடைக்காவிட்டால் மீண்டும் அழையுங்கள், அல்லது 1800-891-4416 என்ற எண்ணில் முயலுங்கள்.